முன்சீட்டுத் தலையணை

போன ஞாயிற்றுக்கிழமை காலை சின்னாளப்பட்டி போகிற டவுன் பஸ்ஸில் ஏறியதும், அக்கா தன் துணிப்பையிலிருந்து அந்தத் தலையணையை எடுத்தாள். படுக்கிற தலையணை இல்லை, உட்காருகிற இடத்துக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சின்னத் தலையணை. சுங்குடிப் புடவைத் துணியில் உறை. ஒரு காலத்தில் நல்ல அரக்கு நிறமும் அதில் வெள்ளைப் புள்ளிகளுமாக இருந்தது. இப்போது எது புள்ளி, எது அரக்கு என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதை இரண்டு தட்டுத் தட்டி, இடது பக்கத்து முதல் சீட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் மச்சான் உட்கார்ந்தார், பின்சீட்டில் நான். கண்டக்டர் வந்து, "பெரியவரே, அது லேடீஸ் சீட்டு" என்றார். "லேடீஸ் கூடத்தானப்பா வந்திருக்கேன்" என்றார் மச்சான். பெண்கள் என்பதால் அக்காவுக்கும் எனக்கும் டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. மச்சானுக்கு மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு வாரமும் டிக்கெட்டை அக்காவின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார். "ஓசிப் பயணம் நல்லா இருக்கா?" என்பார்.

எங்களுக்குச் சின்னாளப்பட்டியில் வேலை எதுவும் இல்லை. போவோம், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீ குடிப்போம், திரும்பி வருவோம். என் ஸ்கூட்டர் வீட்டில்தான் நிற்கிறது. பெட்ரோல் மறுபடியும் ஏறிவிட்டது என்று காலையில் பால்காரர் சொன்னார். ஏறட்டும். முன்பெல்லாம் ஏறும்போது கோபம் வரும், இரண்டு பேரிடமாவது கத்தித் தீர்ப்பேன். இப்போது கோபப்படவும் அலுப்பாக இருக்கிறது. மருந்துக்கடை, ரேஷன் கடை, அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது எல்லாவற்றையும் ஒரே நடையில் மூட்டை கட்டி முடிக்கிறேன். எதையாவது மறந்துவிட்டால் அடுத்த வாரம்தான். வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கும் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஆனால் பிடிக்கும் என்பதற்கு மச்சான் வீட்டில் வேறு அர்த்தம் இருந்தது.

மச்சான் என்றால் என் அக்காவின் மாப்பிள்ளை. எங்கள் வீடுகளில் அக்கா புருஷனை ஆணும் பெண்ணும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். பேகம்பூரில் அவருக்குத் தோல் வியாபாரம். கசாப்புக்கடைகளிலிருந்து ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, பதனிடுகிற இடத்துக்கு அனுப்புகிற மண்டி. வாரம் முழுக்க ஒரு பழைய மொபெட்டில் மண்டிக்குப் போவார், வருவார். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் தார்ப்பாயைப் போர்த்தி, ஒரு கண்டெஸா கார் வைத்திருந்தார். கரும்பச்சை நிறம், நீளமான மூக்கு. வாங்கும்போதே பழைய வண்டிதான். அதை மண்டிப் பக்கம் ஒருநாளும் கொண்டுபோனதில்லை. தோல் வாடை சீட்டில் ஏறினால் அப்புறம் ஏழு கடல் தண்ணி ஊத்திக் கழுவினாலும் போகாது என்பார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய் வந்ததும் குளித்து, அத்தர் போட்டு, அதற்கப்புறம்தான் தார்ப்பாயைத் தொடுவார். காரைத் துடைக்கிற துணியை அக்கா கரித்துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள் என்று ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்த மனிதர். நாங்கள் கதவைச் சாத்துகிற ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கும். "ஏத்தா, மெதுவா சாத்துங்க. அது பீரோ இல்ல!"

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் கார் கிளம்பும். நான் அப்போது கல்யாணமாகாமல், அக்கா வீட்டிலேயே தங்கி, கல்லூரி நூலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவின் இரண்டு பிள்ளைகளோடு பின்சீட்டில் ஒண்டிக்கொள்வேன். ஒரு வாரம் தாடிக்கொம்பு வழியாக வடக்கே. ஒரு வாரம் சாணார்பட்டி தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே. இன்னொரு வாரம் வத்தலக்குண்டு ரோடு, கொடைக்கானல் மலை தொடங்குகிற அடிவாரம் வரை. மலை ஏற மாட்டார். "மேல ஏறுனா வண்டியும் திணறும், நாமளும் வாந்தி எடுப்போம். ஓட்டுற சுகம் தரையிலதான் இருக்கு" என்பார். பூத்தோட்டங்களில் மல்லிகை எடுக்கிற பெண்கள் தலைவிளக்கோடு குனிந்து நிற்பார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டால் அந்த வாசனை அப்படியே உள்ளே வரும். எங்கேயும் இறங்க மாட்டோம், எதையும் வாங்க மாட்டோம். எதற்காகப் போகிறோம் என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. கேள்வியே புரியாத மாதிரி பார்ப்பார்.

அக்காவுக்குப் பதில் தெரியும். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு பெரிய கூட்டுக்குடும்பம். மச்சானின் தம்பிகள், அவர்கள் பெண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் மேலே மாமி, அதாவது மச்சானின் அம்மா. விடிந்தால் அடுப்பு, அடைந்தால் அடுப்பு. கல்யாணம், மௌத்து என்கிற சாவு, ஆஸ்பத்திரி தவிர வெளியே போக அந்த வீட்டுப் பெண்களுக்கு வேறு காரணம் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும்தான் காரணமே இல்லாமல் அவள் வெளியே போனாள். அதுவும் முன்சீட்டில். அக்கா குள்ளம். அந்தக் காரின் மூக்கோ ஒரு முழ நீளத்துக்கு முன்னால் நிற்கும். "ரோடே தெரியல, வானம்தான் தெரியுது" என்று முதல் வாரமே சொல்லிவிட்டு, அடுத்த வாரம் கிழிந்துபோன தன் சுங்குடிப் புடவையில் இந்தத் தலையணையைத் தைத்துக்கொண்டு வந்துவிட்டாள். சீட்டு கசங்கும் என்று மச்சான் முனகினார். அப்புறம் காரைத் தட்டும்போது அதையும் சேர்த்துத் தட்டி வைக்க ஆரம்பித்தார்.

வீட்டில் அக்காவின் குரலைக் கேட்பதே அபூர்வம். காரில் ஏறி ஊர் எல்லை தாண்டியதும் வேறு ஆள். வழியில் வருகிற பெயர்ப்பலகைகளை எல்லாம் உரக்கப் படிப்பாள், பிள்ளைகளைச் சீண்டுவாள், எங்கள் ஊர் மலைக்கோட்டை கண்ணில் இருந்து மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாடா, போச்சு" என்பாள். எந்நேரமும் அவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வருவாள். "மூணாவது போடுங்க, மூச்சு வாங்குது பாருங்க." அவர் வீம்புக்கு இன்னும் செத்த நேரம் இரண்டிலேயே ஓட்டுவார். "ஓட்டுறது நானா, நீயா?" "நீங்கதான். ஏன், எறங்கிப் போயிரவா?" "எறங்கித்தான் பாரேன்." இந்தப் பேச்சு ஒரு வாரம் தவறியதில்லை. பின்சீட்டில் இருந்த எனக்கு, புருஷன் பொண்டாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

அப்புறம் விலை ஏற ஆரம்பித்தது. அது ஒரே நாளில் வந்து தலையில் விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தோம். முதலில் ஏ.சி. போனது. பிறகு வத்தலக்குண்டு ரோடு போனது. பிறகு மச்சானின் கால் மாறியது. விறுவிறுவென்று ஓட்டுகிறவர், ஆக்ஸிலேட்டரில் முட்டை இருக்கிற மாதிரி மிதிக்க ஆரம்பித்தார். எதிரே சிக்னல் சிவப்பாக இருப்பது தூரத்தில் தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். பின்னால் வருகிற வண்டிக்காரன் ஆரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவான். பங்க்கில் டேங்க்கை நிரப்பச் சொல்கிறவர், இவ்வளவுக்குப் போடு என்று ஒரு தொகையைச் சொல்ல ஆரம்பித்தார். அதைச் சொல்லும்போது எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரைப் போலவே கார் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் அவருக்குச் சினேகிதம். சாணார்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர் ஒருவர், அவரிடம் பழைய ஜீப். சின்னாளப்பட்டியில் மருந்துக்கடை வைத்திருந்தவர் இன்னொருவர், அவரிடம் ஒரு சின்னச் சிவப்புக் கார். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது டீக்கடையில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஒருவர் வண்டியின் மூடியை இன்னொருவர் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விலை ஏறியதும் மூன்று பேரும் கூடிப் பேசி ஒரு முறை வைத்தார்கள். வாரம் ஒருவர் கார், மூன்று பேரும் அதிலேயே போவது, பாதி வழியில் கை மாற்றிக்கொள்வது, பெட்ரோல் பங்கு. மச்சான் இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டாள். அவருக்கு அதுவரை அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பின்னாடி..." என்று இழுத்தார். மாமி உள்ளே இருந்து, "அன்னிய ஆம்பளைங்களோடவா? நல்லாத்தான் இருக்கு!" என்றார். அக்கா வெஞ்சனத்தைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. விலை ஏறியது எல்லாருக்கும்தான். ஆனால் அந்த மூன்று ஆண்களும் வாரம் தவறாமல் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். பெட்ரோல் விலையை முழுசாகக் கொடுத்தது என் அக்கா. அவளுடைய சீட்டைக் கொடுத்துத்தான் அவர்கள் மிச்சம் பிடித்தார்கள். அதைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவள் ஆப்பத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருப்பாள். வாசலில் ஜீப் வந்து ஆரன் அடித்ததும் கரண்டி ஒரு நொடி நிற்கும், பிறகு ஓடும்.

அந்த ஏற்பாடும் ஒன்றும் பெரிய சந்தோஷமாக நடக்கவில்லை என்பது வேறு விஷயம். ஓட்டத் தெரிந்த மூன்று பேர் ஒரு காரில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒருவர் ஓட்ட, மற்ற இரண்டு பேரும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போவார்கள். தோப்புக்காரர் மேடு பள்ளம் பார்க்காமல் விடுவார். மருந்துக்கடைக்காரர் மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே மைல் கணக்கில் போவார், கேட்டால் மைலேஜ் என்பார். மச்சான் வீட்டுக்கு வந்ததும் வலது காலை நீட்டி, "ஓட்டாமலே கெண்டைக்கால் புடிச்சுக்கிருச்சு" என்று தைலம் தேய்க்கச் சொல்வார். அக்கா தேய்த்துவிடுவாள். எனக்கு அந்தத் தைலப் புட்டியைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும்.

மற்றவர்கள் முறை வருகிற வாரங்களில் கண்டெஸா கொட்டகையிலேயே கிடந்தது. ஓடுகிற வண்டிக்கு ஒரு நோய் என்றால் நிற்கிற வண்டிக்கு நூறு நோய். பேட்டரி இறங்கியது. எலி புகுந்து வயரைக் கடித்தது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை எலக்ட்ரீசியன் வந்து வாங்கிக்கொண்டு போனார். மச்சான் மண்டியை விட்டு வர முடியாமல் அக்காவிடம் சாவியைக் கொடுத்தார். "புதன்கிழமை புதன்கிழமை ஸ்டார்ட் பண்ணி செத்த நேரம் ஓட விடு. நியூட்ரல்ல இருக்கான்னு ஆட்டிப் பாத்துக்க. வேற எதையும் தொடாத." நின்ற இடத்தில் பெட்ரோல் எரிப்பதற்கு ஒரு ஆள். அதுவும் யார்?

முதல் புதன்கிழமை, நான் வேலை விட்டு வந்ததும், அக்கா தலையணையை இடது சீட்டிலிருந்து எடுத்து வலது சீட்டில் போட்டாள். உட்கார்ந்தாள். காலுக்கு எதுவும் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள். சாவியைத் திருப்பியதும் தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கார் கொட்டகைக்குள்ளேயே ஒரு சாண் முன்னால் போனது, ஒரு சாண் பின்னால் வந்தது. பிறகு கேட் வரைக்கும். எல்லாம் அவள் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான், கூடப் பயமும் இருந்தது. நாள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மாமி நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன புதன்கிழமை, கேட்டைத் திறந்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். பெருநாள் தொழுகை நடக்கிற ஈத்கா மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் இருக்கிறது. அதில் அக்கா முதல் கியரில் ஒரு சுற்று, இரண்டாவதில் ஒரு சுற்று சுற்றினாள். நின்று போகும், மறுபடி கிளப்புவாள். மூன்றாவது போட்டதும், "அடியே, மூணு! மூணு விழுந்துருச்சுடி!" என்று கத்தினாள். சிரித்து சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டு, டயர்த் தூசியைக்கூடத் துடைத்தோம். தலையணையை எடுத்துச் சீட்டைப் பின்னால் தள்ள மட்டும் மறந்துவிட்டோம்.

அந்த ஞாயிறு கண்டெஸாவின் முறை. தோப்புக்காரரும் மருந்துக்கடைக்காரரும் வந்து நிற்கிறார்கள். மச்சான் கதவைத் திறந்து உட்காரப் போனார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கீழே தலையணை. அவர் அப்படியே மடங்கி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. மச்சான் சீட்டைப் பின்னால் தள்ளினார், தலையணையை எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்தார், கிளம்பிப் போய்விட்டார். அன்று காலை முழுக்க அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தொடக்கூடாத பொருளைத் தொட்டுவிட்டாள், இனி சாவியும் போகும், மிச்சமிருந்த புதன்கிழமையும் போகும் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "யாரும் பாத்தாங்களா?"

"இல்ல" என்றாள் அக்கா.

"லைசன்ஸ் இல்லாம மாட்டினா வண்டியக் கொண்டுபோய் ஸ்டேசன் வாசல்ல வெயில்ல போட்டுருவான். பெயிண்டு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வா. போட்டோ எடுக்கணும்."

அவ்வளவுதான். கேட்டது பெயிண்டைப் பற்றித்தான். அக்கா அடுப்படிக்குள் போய் ஓவென்று அழுதாள். மச்சான் வெளியே நின்றுகொண்டு, "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்று என்னைக் கேட்டார்.

லைசன்ஸ் வந்த பிறகு மச்சான் அந்த மூன்று பேர் ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எங்கள் கார் கிளம்பியது. தலையணை வலது பக்கம், மச்சான் இடது பக்கம். மாமி வாசலிலேயே வழியை மறித்தார். "பொம்பள ஓட்ட, ஆம்பள பொம்மை மாதிரி பக்கத்துல உக்காந்து போறதா? ஊரு சிரிக்காதா? நீ ஓட்டு, அவ எப்பவும் போல உக்காந்து வரட்டும்." மச்சான் தன் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. கணக்குச் சொல்வது மாதிரி நிதானமாகத்தான் சொன்னார். "பெட்ரோல் விக்கிற வெலைக்கு ஒரு வீட்டுல ரெண்டு பேரு ஓட்ட முடியாதும்மா. ஒருத்தர்தான் ஓட்டலாம். நான் இம்புட்டு வருசம் ஓட்டிட்டேன். இனிமே அவ ஓட்டட்டும்."

அவர் நல்ல பயணி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அவரை அவுலியா, பெரிய மகான், ஆக்கிவிட்டதாக ஆகிவிடும். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வருவார். "கிளச்சு மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாத. தேயுதுல்ல." "லாரிக்காரனுக்கு எடம் குடு. அவன் உனக்கு மாமனா மச்சானா?" பள்ளத்தில் இறங்கினால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் டீக்கடையில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போன நேரத்தில், "மச்சான், உங்களுக்கு ஓட்டணும்னு இல்லையா?" என்று கேட்டேன். "இல்லாம? கை ஊறுதுமா" என்றார். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "நான் ஒரு ரவுண்டு ஓட்டினா அவளுக்கு ஒரு ரவுண்டு கொறையும். டேங்க்கு ஒண்ணுதானே?" அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். விலை இருக்க விடவில்லை. அக்கா வத்தலக்குண்டு வரை ஓட்டியது ஒரே ஒரு தடவைதான். பிறகு சின்னாளப்பட்டி. பிறகு தாடிக்கொம்பு. பிறகு பைபாஸில் ஏறி அடுத்த பாலத்தில் இறங்கித் திரும்புவது. வாராவாரம் என்பது வாரம் விட்டு வாரம் ஆனது, பிறகு மாதம் ஒரு தடவை. அந்த மாதம் ஒரு தடவைக்காக மச்சான் என்ன செய்தார் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போன அக்கா, உச்சி வெயிலில் அவர் தெருமுனையிலிருந்து நொண்டிக்கொண்டே நடந்து வருவதைப் பார்த்தாள். மொபெட்டை மண்டியிலேயே போட்டுவிட்டு, மூட்டுவலியோடு நடந்து போய் நடந்து வந்துகொண்டிருந்தார். "நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு" என்றார். எந்த டாக்டரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அக்கா சாவியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "போதும்ங்க. ஓட்டிட்டேன். வித்துருங்க." அவர், "உனக்கு என்ன பைத்தியமா?" என்று சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. "நீங்க நடக்க, நான் ஓட்டணுமா?" என்றாள். காரில் வருகிற அந்தக் குரலை வீட்டுக்குள் நான் கேட்டது அன்றுதான்.

வாங்க வந்தவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், காய்கறி வியாபாரி, நல்ல வசதி. அவரிடம் இந்த மாதிரிப் பழைய வண்டிகள் ஏற்கெனவே சில இருந்தன. "ஓட்டறதுக்கு இல்லீங்க. இந்த வெலைக்கு இதையெல்லாம் ஓட்ட முடியுங்களா? பளபளன்னு வீட்ல நிறுத்தி வெச்சுக்கத்தானுங்க" என்றார். மச்சான் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அந்த மனிதர் கதவைத் திறந்து உட்காரப் போய், முழங்காலை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டார். "ஏனுங்க, சீட்டு இத்தன முன்னாடி இருக்குதுங்களே, இத யாருங்க ஓட்டறது?"

தம்பிகள் நிற்கிறார்கள், வாசற்படியில் மாமி நிற்கிறார், தெருவில் நாலு பேர் நிற்கிறார்கள். மச்சான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுல அவுகதான் ஓட்டுவாக" என்று அக்காவைக் காட்டினார். தன் பெண்டாட்டியை அவர் மரியாதையாக 'அவுக' என்று சொன்னதை அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை. "வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்கணும்ல? ஏறி உக்காருங்க. அவுக ஓட்டிக் காட்டுவாக."

அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தலையணையைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தாள். ஒட்டன்சத்திரத்துக்காரர் முன்னால், மச்சானும் நானும் பின்னால். தாடிக்கொம்பு ரோட்டில் கார் நூல் பிடித்த மாதிரி போனது. அன்றைக்கு மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த ஊர்க் கோவில் கோபுரம் கண்ணில் தெரிந்ததும் திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, அக்கா ஸ்டியரிங்கிலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். "கடைசியா நீங்க ஒரு தடவ ஓட்டலீங்களா?" என்று அந்த மனிதர் நல்லவிதமாகத்தான் மச்சானைக் கேட்டார். "வேணாம்ங்க. இருக்குற பெட்ரோல்ல நீங்க ஊரு போய்ச் சேரணும்" என்றார் மச்சான். அக்கா இறங்கும்போது தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதுவும் வண்டியோடு சேர்ந்தது என்று நினைத்து அவர், "அதுங்கம்மா?" என்றார். "இது என்னோடது" என்றாள் அக்கா.

மாமி போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், அக்காவின் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். தோப்புக்காரர் ஜீப்பைக் கோழிக்கூண்டாக்கிவிட்டார் என்று கேள்வி. கொட்டகையில் இப்போது என் ஸ்கூட்டர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அக்கா துணிப்பையில் தலையணையை வைத்துக்கொண்டு, "டவுன் பஸ்ஸு சும்மாதானே, வாங்க, போய்ட்டு வருவோம்" என்றாள், போனோம். எனக்கு இந்தப் பஸ் பயணம் பிடிக்கவில்லை. சீட்டுக் கம்பி குத்துகிறது, கூட்டம் இடிக்கிறது, ஜன்னல் பாதி திறக்காது. கண்டெஸாவின் பின்சீட்டில் இருந்து பார்த்த அதே ரோடுதான், ஆனாலும் பார்க்கிற ஆசை போய்விட்டது. அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

போன ஞாயிறு, காந்திகிராமம் தாண்டி பஸ் நல்ல வேகத்தில் போனது. அக்கா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, டிரைவரின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேட்டில் பஸ் முக்கியது. "மூணாவது போட்டிருக்கணும்" என்றாள் மெல்ல.

"ஓட்டுறது அவரா, நீயா?" என்றார் மச்சான்.

"அவருதான். ஏன், எறங்கிப் போயிரவா?"

அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன், பின்னால் இருந்து பார்க்கும்போது தோள் குலுங்கியது மட்டும்தான் தெரிந்தது. அதே நேரம் குறுக்கு ரோட்டிலிருந்து ஒரு டிராக்டர் வந்து ஏறியது. டிரைவர் கொஞ்சம் தாமதமாகத்தான் பிரேக்கை மிதித்தார். எனக்கு முன்னால், சீட்டுக்கு அடியில், அக்காவின் வலது காலும் மச்சானின் வலது காலும் ஒன்றாகத் தரையை அழுத்தின. பஸ் குலுங்கி நின்றது, டிராக்டர் போனது, பஸ் மறுபடி கிளம்பியது. அக்கா காலைத் தளர்த்திக்கொண்டாள். மச்சான் சின்னாளப்பட்டி வரும்வரை காலை எடுக்கவே இல்லை.